எங்க ஊர் வெள்ளரிக்காய்!

எங்கள் கோயமுத்தூரில் ஒருத்தரைத் திட்டுவதற்கே ஒரு மரியாதை உண்டு. 'ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா?' என்று 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். வாங்கிக்கொண்டவர், நம்மைத் திட்டினாரா, குசலம் விசாரித்தாரா என்று புரியாமல் ரெண்டு நாள் யோசிப்பார்.

காய்கறி வசவுகளும் உண்டு. தேங்காய் மண்டை, பூசணிக்காய், முருங்கைக்காய் எல்லாம் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதரை, அதுவும் எங்கள் ஊரின் பெருமைக்குரிய மனிதரை, 'வெள்ளரிக்காய்' என்று சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஜெர்மனியில், ஒரு டி.வி. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

2012-ல் நான் ஒன்பது மாசம் ஜெர்மனியில் இருந்தேன். உடனே பெரிய இன்ஜினீயர், விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். அடியேன் வெறும் பி.காம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. நாங்கள் இங்கிருந்து டீ-ஷர்ட் அனுப்புவோம். 'ஒரு துவைப்புக்கு ரெண்டு இஞ்ச் சுருங்கிவிட்டது', 'நீலம் போய் ஊதா ஆகிவிட்டது' என்று அங்கிருந்து டெபிட் நோட் வரும். "தினம் போன்ல சண்டை போட்டுக் காசு ஆகறதுக்கு, நீ நேர்லயே போய் சண்டை போடு தம்பி" என்று முதலாளி விமானம் ஏற்றிவிட்டார்.

போய் இறங்கிய ஊரின் பெயர் மூன்ஷன்கிளாட்பாக். அதைச் சொல்லப் பழகவே ஒரு மாசம் ஆனது. ஒரு காலத்தில் அங்கே இருந்த நெசவாலைகளைப் பார்த்து, 'ரைன் நதிக்கரை மான்செஸ்டர்' என்று பேர் வைத்திருந்தார்களாம். தென்னிந்திய மான்செஸ்டரிலிருந்து ரைன் மான்செஸ்டருக்கு! அசல் மான்செஸ்டர்காரனுக்குத் தெரிந்தால் ரெண்டு ஊரிடமும் ராயல்டி கேட்பான்.

திங்கள் முதல் வெள்ளி வரை சண்டை. அதனால் நன்றாகவே பொழுது போனது. ஞாயிற்றுக்கிழமைதான் நரகம். கடை கண்ணி எல்லாம் மூடிக் கிடக்கும். ரோட்டில் ஈ காக்கா இருக்காது. என் அறையில் டி.வி.யும் கிடையாது.

இருந்த இடங்களில் பார்த்தாலும் என்ன காட்டுவார்கள்? கால்பந்து காட்டுவார்கள். விட்டால் கைப்பந்து மாதிரி ஒன்று. குளிர்காலமானால், பனியில் சறுக்கிக்கொண்டே போய், நடுவில் நின்று, மூச்சு வாங்க வாங்கத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, மறுபடியும் சறுக்கிக்கொண்டே போகும் ஒரு விளையாட்டு. எதற்குச் சுடுகிறார்கள், யாரிடமிருந்து ஓடுகிறார்கள் என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை.

2012 மார்ச் 16. சச்சின் மிர்பூரில் நூறாவது சர்வதேச சதம் அடித்த நாள். ஊரிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்ததும் எனக்குச் சீட்டில் உட்கார முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பக்கத்து மேஜை ஜெர்மன் நண்பரிடம் போய், "நூறு! நூறு சதம்! உலகத்திலேயே முதல் ஆள்!" என்றேன். அவர் மிகுந்த மரியாதையுடன் கேட்டுவிட்டு, "கிரிக்கெட் என்பது குதிரை மேல் உட்கார்ந்து ஆடுவதுதானே?" என்றார்.

வெளிநாட்டில் இருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. சாப்பாடு கிடைக்காது, குளிரும் என்பதெல்லாம் சும்மா. நம் சந்தோஷத்துக்கு அங்கே மதிப்பு கிடையாது. நம்ம ஊர் செல்லாத நோட்டு மாதிரி, பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

* * *

ஆனால் ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் ஜெர்மன் டி.வி.யும் கோயமுத்தூரும் சந்தித்துக்கொண்டன. ஃபார்முலா ஒன் கார் பந்தயம்.

ஜெர்மனிக்காரர்களுக்கு அது திருவிழா. ஏழு தடவை உலக சாம்பியனான மைக்கேல் சூமாக்கர் சின்ன வயசில் கார்ட் வண்டி ஓட்டிப் பழகிய கெர்பன், நான் இருந்த ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. 2010, 2011 ரெண்டு வருஷமும் சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல். அந்த வருஷப் பந்தயத்தில் ஓடிய 24 பேரில் 5 பேர் ஜெர்மானியர்கள். அப்போது ஆர்.டி.எல். சேனலில் காசில்லாமல் பார்க்க முடிந்தது.

அந்த 24 பேரில் ஒருத்தர் எங்கள் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அப்போது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் அவர் நாலாவதாக வந்தார். டயர் தகராறில் 14 கார்கள் விலகிக்கொண்டு, மிச்சம் 6 கார்தான் ஓடின என்பது வேறு விஷயம். அந்த வேறு விஷயத்தை எங்கள் வகுப்பில் யாரும் பேச அனுமதிக்கப்படவில்லை! நாலாவது என்றால் நாலாவதுதான்.

எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதுசில்லை. ரேஸ் கார்களை ஊரிலேயே வடிவமைத்துச் செய்த கரிவரதன் பிறந்து வளர்ந்த மண். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தளமே இருக்கிறது. மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான என் அப்பாவுக்கு எந்த என்ஜின் சத்தமும் சங்கீதம்தான்.

2012-ல் நரேன் ஓட்டியது ஹெச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் தேசத்து டீமுக்கு. பாவப்பட்ட டீம். அந்த வருஷம் முதல் பந்தயம் மெல்போர்னில். குறைந்தபட்ச வேகம்கூட வராததால், அந்த டீமின் ரெண்டு காரையும் பந்தயத்திலேயே சேர்க்கவில்லை. அடுத்த வாரம், மார்ச் 25, மலேசியா. அங்கே கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

பார்க்க டி.வி. வேண்டுமே? எங்கள் ஊரில் தேங்காய், கறிவேப்பிலை விற்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அங்கேயே குடியிருப்பவர். "அதுக்கென்ன தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாருமன். பெடியனும் ரேஸ் எண்டால் விடமாட்டான்" என்றார்.

பத்து மணிக்குப் பந்தயம். பத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் கதவைத் தட்டினேன். அண்ணர் வாட்சைப் பார்த்தார். "என்ன தம்பி, துவங்கி முக்கால் மணித்தியாலம் ஆச்சுது!"

என் கையில் அப்பா கொடுத்த எச்.எம்.டி. வாட்ச். தினம் சாவி கொடுத்து, ஒரு நிமிஷம்கூடத் தப்பாத வாட்ச். விஷயம் என்னவென்றால், மார்ச் மாதக் கடைசி ஞாயிறு விடிகாலையில், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துவிடுவார்களாம். கோடை நேரமாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. எச்.எம்.டி.க்கும் சொல்லவில்லை. தூங்கி எழுவதற்குள் என் வாழ்க்கையில் ஒரு மணி நேரத்தைக் களவாடிவிட்டார்கள்!

போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனால், டி.வி.யில் ஒரு கார்கூட ஓடவில்லை. கொட்டோ கொட்டென்று மழை. பந்தயத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியிருந்தார்கள். அந்த வருண பகவானுக்கு நான் இன்னும் ஒரு தேங்காய் பாக்கி.

திரையின் ஓரத்தில் பெயர்ப் பட்டியல் ஓடியது. ஒன்று, ரெண்டு, மூன்று... பத்தாவது பெயர்: கார்த்திகேயன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடைசி வரிசையிலிருந்து கிளம்பியவர், பத்தாவது! சூமாக்கருக்கும் முன்னால்! முன்னணி ஆட்கள் எல்லாம் லேசான மழைக்கான டயரில் கிளம்ப, இவர் டீம் மட்டும் முதலிலேயே பெருமழை டயர் மாட்டிக் கிளம்பியிருக்கிறது. வானத்தைப் பார்த்து மழையைக் கணிக்க எங்க ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் போனில் அப்பாவின் மிஸ்டு கால். அஞ்சு யூரோ கார்டைச் சுரண்டி, இருபது நம்பர் அழுத்திக் கூப்பிட்டேன்.

"கண்ணு, பார்க்கறயா? நம்ம பையன் பத்தாவதுடா!"

"பார்க்கறேனுங்ப்பா!"

"எங்கெங்கயோ சாம்பியனுங்கறவனெல்லாம் பின்னால நிக்கறான் பாரு! உங்கம்மா சொல்றா, பையன் மழைல நனையறான், யாராச்சும் ஒரு துண்டு குடுக்கக் கூடாதாங்கறா."

அங்கே பீளமேட்டில் பகல் ரெண்டு மணிக்கு மேல். சாப்பாட்டுத் தட்டோடு தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பது போனிலேயே கேட்டது. இங்கே ஆர்.டி.எல்.லில் மூன்று பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெட்டலைப் பற்றிப் பேசினார்கள். சூமாக்கரைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி, டயரைப் பற்றி, விளம்பரத்துக்குப் பிறகு மறுபடி வெட்டலைப் பற்றி. பத்தாவதாக நிற்கிற மனிதரைப் பற்றி, நான் கவனித்த வரை, ஒரு வார்த்தை இல்லை.

* * *

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி உலகப் பந்தயங்களில் படம் எடுப்பது ஒரே ஒரு கூட்டம்தான். ஃபார்முலா ஒன்னுக்கு அதன் நிர்வாகமே கேமரா வைத்துப் படம் எடுத்து உலகம் பூராவுக்கும் அனுப்பும். ஒலிம்பிக்ஸுக்கும் தனி ஒளிபரப்பு அமைப்பு உண்டு. ஒவ்வொரு நாட்டுச் சேனலும் அந்தப் படத்தை வாங்கி, அதன் மேல் தங்கள் ஆளை உட்காரவைத்துப் பேசவைக்கும். ஆக, பீளமேட்டில் அப்பா பார்ப்பதும் மூன்ஷன்கிளாட்பாக்கில் நான் பார்ப்பதும் ஒரே படம். வாய்தான் வேறே வேறே.

இதை நான் அன்றைக்கு அனுபவபூர்வமாகத் தெரிந்துகொண்டேன்.

பந்தயம் மறுபடி தொடங்கியது. தரை காயக் காய, நரேன் கார் பின்னுக்குப் போனது. மெதுவான கார், என்ன செய்வது? நடுவில் இங்கிலாந்தின் ஜென்சன் பட்டன் நரேனுடன் மோதித் தன் காரின் முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். தப்பு தன்னுடையதுதான் என்று பட்டனே பின்னால் ஒப்புக்கொண்டார். அதோடு போயிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

முடிய ஏறக்குறைய பத்துச் சுற்று பாக்கி. வெட்டல் நாலாவது இடத்தில். ஒரு சுற்று பின்தங்கிய நரேனைத் தாண்டிக்கொண்டு போகிறார். தாண்டியாகிவிட்டது என்று நினைத்த நொடியில், நரேன் காரின் முன் இறக்கை வெட்டல் காரின் பின் டயரில் உரசியது. டயர் கிழிந்து தொங்கியது. நாலாவதாகப் போனவர் கடைசியில் பதினொன்றாவது. பத்தாவது வரைதான் புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளி சூமாக்கருக்குப் போனது.

அண்ணர் மகனுக்குப் பதினாலு வயசு. அங்கேயே பிறந்தவன். வெட்டல் தொப்பி போட்டிருந்தான். "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டான். நானும் "ஐயோ!" என்றேன். ரெண்டு ஐயோவும் ஒரே ஐயோ இல்லை.

அப்பாவின் மிஸ்டு கால் உடனே வந்தது. கூப்பிட்டேன்.

"அவன் வந்து இடிச்சான்டா கண்ணு! இவ்வளவு அகல ரோடு கெடக்குது, என்ற பையன் மேலயேதான் வந்து உரசோணுமா?" பின்னால் தெருவே 'ஆமா ஆமா' என்றது.

இந்தப் பக்கம் பையன், "அண்ணா, நீலக் கொடி காட்டினா பின்னால வாறவருக்கு வழி விடவேணும். அவர் விடேல்ல" என்றான்.

ரீப்ளே போட்டார்கள். போன் காதில் இருந்தபோது பார்த்தால் வெட்டல் மீது தப்பு. போனை எடுத்துவிட்டுப் பையன் பேச்சைக் கேட்டுக்கொண்டு பார்த்தால் நரேன் மீது தப்பு. நாலு தடவை போட்டார்கள். ரெண்டு-ரெண்டு, டிரா. சத்தியமாக எனக்கு எதுவும் தெரியவில்லை சார். காதில் யார் பேசுகிறார்களோ, அவர்கள் சொல்வதைத்தான் கண் பார்க்கிறது. (நடுவர்கள் பிற்பாடு நரேன் மீதுதான் தப்பு என்று 20 விநாடி அபராதம் போட்டு, 21-லிருந்து 22-வது இடத்துக்கு இறக்கினார்கள். அப்பா இன்றுவரை அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.)

பந்தயம் முடிந்ததும் வெட்டல் மைக்குக்கு முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. ஏதோ சொன்னார். எனக்கு இருந்த ஜெர்மன் ஞானத்துக்கு அதில் ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. 'குர்க்கெ...'

"கூர்க்காவா? அவர் கோயமுத்தூர்க்காரர்ங்க! நேபாளம் இல்லை!" என்று கத்திவிட்டேன்.

பையன் சங்கடமாக நெளிந்தான். "இல்லை அண்ணா... ரோட்டில கார் ஓடேக்க சில குர்க்கெகளும் ஓடுமெண்டு சொல்றார். குர்க்கெ எண்டால்... அது... சலாட்டில போடுவாங்கள்... பச்சையா, நீளமா..."

"வெள்ளரிக்காயா?"

"ஓம் அண்ணா. ஆனா நல்ல அர்த்தம் இல்லை." ஓட்டத் தெரியாத உதவாக்கரையை அங்கே அப்படிச் சொல்வார்களாம்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பத்தாவதாக நின்றபோது பேரைச் சொல்லாத டி.வி., இப்போது மூச்சுக்கு மூச்சு 'கார்த்திகேயன், கார்த்திகேயன்' என்கிறது. இந்த அழகில் பேர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இதையே அண்ணரிடம் புலம்பினேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, நான் இந்த டீவியை இருபத்தைஞ்சு வருசமாப் பாக்கிறன். எனக்கெண்டு திட்டு வாங்கக்கூட ஒருத்தனும் இதில வந்ததில்லை. உமக்கெண்டு ஒருத்தன் வந்து திட்டு வாங்கிறான். என்ர பெடியனுக்கெண்டு ஒருத்தன் வந்து திட்டுறான். நடுவில இருக்கிற என்னைப் பாரும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தேநீரைப் போல ஒரு சூடான தேநீரை நான் அதற்கப்புறம் குடிக்கவில்லை.

* * *

மறுநாள் திங்கட்கிழமை. ஆபீஸ் கேன்டீன். அந்தக் 'குதிரை கிரிக்கெட்' நண்பர் தட்டில் சாலட் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். முள்கரண்டியில் ஒரு வெள்ளரித் துண்டைக் குத்தித் தூக்கி, "உங்கள் ஊர்க்காரர்!" என்றார். மேஜையே சிரித்தது.

நானும் சிரித்தேன்.

அதுதான் சார் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது. அவர் சொன்னது பெரிய தப்பில்லை. நல்ல மனுஷர். என் டெபிட் நோட் பாதியைக் குறைத்துக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் நான் ஏன் சிரித்தேன்? 'இருங்க, அந்தக் கார் போன வாரம் பந்தயத்திலேயே சேர்த்துக்கொள்ளப்படாத கார். அதை வைத்துக்கொண்டு மழையில் பத்தாவதாக நின்றார், உங்கள் சூமாக்கருக்கும் முன்னால். அதை உங்கள் டி.வி. சொல்லுச்சா?' என்று கேட்டிருக்கலாம். வார்த்தை எல்லாம் ராத்திரியே தயார் செய்து வைத்திருந்தேன். இங்கிலீஷில் ஒத்திகைகூடப் பார்த்தேன். மேஜையில் எட்டுப் பேர் சிரிக்கும்போது, ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் இருப்பதற்குத் தனி முதுகெலும்பு வேண்டும். அது எனக்கு அன்றைக்கு லீவு.

நரேன் சும்மா இருக்கவில்லை. ஒரு உலக சாம்பியன் இப்படி அழுமூஞ்சித்தனமாக நடந்துகொள்வது வெட்கக்கேடு என்கிற ரீதியில் பேப்பரில் திருப்பிக் கொடுத்தார். படித்துவிட்டு அறையில் தனியாகக் கை தட்டினேன். தனி அறையில் எல்லாரும் வீரர்கள்தான்.

பி.காம். முதல் வருஷத்தில் இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று சொல்லித் தருவார்கள். எந்த ஒரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று உண்டு, ரெண்டையும் எழுதினால்தான் கணக்கு. உலக விளையாட்டைக் காட்டும் டி.வி.க்கள் எல்லாம் ஒற்றைப் பக்கக் கணக்குப் பிள்ளைகள். தங்கள் வரவை மட்டும் எழுதுவார்கள். வெளியூரில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான், நாம் இன்னொருத்தர் பேரேட்டில் பற்றுப் பக்கத்தில் இருப்பது தெரிகிறது.

இந்த ஞானத்தோடு ஊர் திரும்பினேன். ஞானம் எத்தனை நாள் தங்கும்? அதையும் கேளுங்கள்.

* * *

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை சாயங்காலம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், ஈட்டி எறிதல் இறுதி. இந்தத் தடவை பீளமேட்டில், எங்கள் வீட்டு ஹாலில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அப்பாவுக்கு டி.வி. மட்டும்தான் பெரிசாகியிருந்தது. கத்தல் அதே கத்தல்.

நீரஜ் சோப்ராவுக்கு எதிரி யார்? ஜெர்மனியின் யோஹானஸ் வெட்டர். போன தடவை வெட்டல், இந்தத் தடவை வெட்டர்! 2020-ல் 97.76 மீட்டர் எறிந்தவர். அவருக்குத்தான் தங்கம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வெட்டருக்கு என்னவோ ஓடுபாதையில் கால் நிற்கவே இல்லை. வழுக்கினார். 82.52 மீட்டரோடு, மூன்று வாய்ப்பிலேயே ஒன்பதாவதாக வெளியேறினார். அவர் வழுக்கியதும் எங்கள் ஹாலில் விசில்!

"வழுக்கி உட்டுச்சுடா வாழைப்பழம்!" என்றான் என் தம்பி.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மறுபடி மறுபடி ரீப்ளே போட, மறுபடி மறுபடி 'வாழைப்பழம்... வாழைப்பழம்...' நானும் சிரித்தேன். இந்தத் தடவை பயந்துகொண்டு இல்லை, வயிறு வலிக்க. நீரஜ் 87.58 மீட்டர். தங்கம். தடகளத்தில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். தெருவில் வெடி வைத்தார்கள். அம்மா சர்க்கரை கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு யோசனை. ஒன்பது வருஷ பாக்கி ஒன்று இருக்கிறதே! பழைய கேன்டீன் நண்பரின் நம்பரை எடுத்தேன். ஒரு வாழைப்பழப் படம் போட்டு, 'உங்கள் ஊர்க்காரர்!' என்று டைப் அடித்தேன். அனுப்பும் பொத்தான் மேல் விரல் வைத்தபோதுதான் அந்த முள்கரண்டியும், அதில் தொங்கிய வெள்ளரித் துண்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அங்கே ஒரு வீட்டில் அந்த மனுஷர் இதே படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

அழித்துவிட்டு, 'வெட்டரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது' என்று மட்டும் அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில். 'சோப்ராவுக்கு வாழ்த்துகள். வெட்டர் போகட்டும். எங்கள் வெபரைப் பார்த்தீர்களா? 14 சென்டிமீட்டர்! என் மகள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.'

வெபரா? யார் அது?

தேடிப் பார்த்தேன். யூலியான் வெபர், ஜெர்மனி, நாலாவது இடம், 85.30 மீட்டர். மூன்றாவதாக வந்தவர் 85.44. பதினாலு சென்டிமீட்டரில் வெண்கலம் போயிருக்கிறது. நம் ஒரு சாண்கூட முழுசாக இல்லை. போட்டியை முதலிலிருந்து கடைசி வரை கண் கொட்டாமல் பார்த்தவன் நான். வெபர் எறிந்ததைப் பார்த்தும் இருப்பேன். ஒரு ஈட்டிகூட நினைவில் இல்லை. எங்கள் ஹாலில் ஒருத்தருக்கும் இல்லை.

2012-ல் மழையில் பத்தாவதாக நின்ற மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று கோபப்பட்டேனே, அது யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான்.

அப்பாவிடம் சொன்னேன். தன் விரல்களை விரித்து, ஒரு சாணில் கொஞ்சம் குறைத்து அளந்து பார்த்தார். "அட, இத்தனூண்டா? பாவமே! அந்தப் புள்ளையை அழுக வேண்டாம்னு சொல்லச் சொல்லு கண்ணு" என்றார். சொன்னேன்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். 2025 மே 16-ம் தேதி தோஹாவில் நீரஜ் முதல்முறையாக 90 மீட்டரைத் தாண்டினார். 90.23. நான் துள்ளிக் குதித்து முடிப்பதற்குள், கடைசி வாய்ப்பில் ஒருத்தர் 91.06 எறிந்து முதல் இடத்தைத் தட்டிக்கொண்டு போனார். யார்? அதே யூலியான் வெபர். இந்தத் தடவை எனக்கு அவர் பேர், ஊர், உயரம் எல்லாம் தெரியும்!

நானே முந்திக்கொண்டு 'வெபருக்கு வாழ்த்துகள். உங்கள் மகள் இன்று அழ மாட்டாள்' என்று ஜெர்மனிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. ஒரே ஒரு படம். பச்சையாக, நீளமாக.

நான் சிரித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே.

"என்னடா கண்ணு தனியாச் சிரிக்கறே? போன்ல என்ன?" என்றார் அப்பா.

"வெள்ளரிக்காய்ங்ப்பா. ஜெர்மனியிலிருந்து அனுப்பியிருக்காங்க."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிஞ்சா இல்லையேடா. கிலோ என்ன விலைன்னு கேளு!"